நெல்லுக்கு இருக்கும் ரகப் பெயர் கேப்சூலுக்கு வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் உடல் எடையைக் குறைக்க உதவும் என்று சென்ற வார இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தீர்கள், நன்றி. ஆனால் முக்கியமான ஒரு விஷயம் அதில் விட்டுப்போயிருக்கிறது. எந்த பாக்டீரியா, அதில் எந்த ரகம்?

நான் கும்பகோணத்துக்காரி. குறுவைக்கு விதை வாங்கப் போகும் யாரும் இங்கே கடையில் "நெல் கொடுங்கள்" என்று கேட்பதில்லை. ஏ.டி.டி. 43 வேண்டும், கோ 51 வேண்டும் என்று எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். இரண்டும் நெல்தான், ஆனால் வயதும் விளைச்சலும் வேறு. உடம்புக்கு நல்லது செய்யும் என்று உயிரோடு உட்கொள்ளும் புரோபயாடிக் பாக்டீரியாவும் இப்படித்தான். ஒரே பெயருள்ள பாக்டீரியாவில் ஒரு ரகம் செய்வதை இன்னொரு ரகம் செய்யாமல் போகலாம்.

ஜப்பானில் லாக்டோபேசில்லஸ் காசெரி எஸ்.பி.டி. 2055 என்ற ரகத்தைச் சேர்த்துப் புளிக்கவைத்த பாலை தினம் 200 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 87 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2010இல் வெளியானது. அந்தப் பாலைக் குடித்தவர்களுக்கு வயிற்றுக்குள் படியும் கொழுப்பின் பரப்பு 4.6 சதவீதமும், உடல் எடை 1.4 சதவீதமும் குறைந்தன. 75 கிலோ இருப்பவருக்கு அது ஏறக்குறைய ஒரு கிலோ. அதே ரகத்தை வைத்து 210 பேரிடம் நடத்திய அடுத்த ஆய்வில், குடிப்பதை நிறுத்திய நான்கே வாரத்தில் பலன் மங்கத் தொடங்கியது. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸின் ஒரு ரகத்தைச் சோதித்தார்கள். எல்லோரும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த முதல் 12 வாரத்தில், கேப்சூல் சாப்பிட்ட பெண்கள் சராசரியாக 4.4 கிலோ இளைத்தார்கள். வெற்று கேப்சூல் சாப்பிட்ட பெண்கள் 2.6 கிலோ. ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இப்படிப்பட்ட 15 ஆய்வுகளை, மொத்தம் 957 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்லும் சராசரி எடைக் குறைவு 0.6 கிலோ. இந்த எண்ணை உங்கள் கட்டுரையில் தேடினேன், இல்லை.

கட்டுரை சொன்ன எலிச் சோதனை உண்மைதான். 2006இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டனின் குழு, குண்டு எலியின் குடல் பாக்டீரியாக்களைக் கிருமியே இல்லாத எலிகளுக்குள் செலுத்தியது. தீனி கூடாமலே அவற்றுக்குக் கொழுப்பு கூடியது. ஆனால் அது ஓர் ஊரையே குடிபெயர்த்த சோதனை. கேப்சூலில் வருவது ஒன்றிரண்டு குடும்பங்கள். ஏற்கெனவே நெரிசலான ஊரில் அவை தங்குமா என்பதே சந்தேகம்.

இதை எழுதத் தூண்டியது என் அக்கா மகள். பிரசவத்துக்குப் பிறகு கூடிய எடையைக் குறைக்க, இணையத்தில் பார்த்த ஒரு புட்டியை வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டாள். 'எடை குறையும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த அந்தப் புட்டியை வாங்கிப் பார்த்தேன். ரகத்தின் பெயரே இல்லை. கேப்சூல்தான் இருக்கிறதே என்று மாலை நடையையும் விட்டிருந்தாள். எடை இறங்கவில்லை. "என் உடம்புக்கு எதுவுமே கேட்காது சித்தி" என்று அழுதாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பெயர் தெரியாத பாக்டீரியா வேலை செய்யாததற்கு அந்தப் பெண் தன் உடம்பை நொந்துகொள்கிறாள்.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அளவுக்கு மேல் எடை உள்ள பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். இத்தனை பேரும் உங்கள் கட்டுரையின் வாசகர்கள்தான்.

அப்புறம், இட்லியை எடை குறைக்கும் புரோபயாடிக் பட்டியலில் சேர்த்திருந்தீர்கள். மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆவியில் வெந்ததும் செத்துவிடும். இட்லி நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டுத் தயிரும் பழைய சோறும் அப்படியே. ஆனால் நாம் உறை ஊற்றும் மோரில் எந்த ரகம் இருக்கிறதென்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அதனால் எடை குறையும் என்று அச்சில் உறுதி சொல்ல முடியாது.

இந்தத் துறையின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. 2019இல் பெல்ஜியத்தில் ஆக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியாவை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தபோது, இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. அதிலும் சூடாக்கிச் செயலிழக்கச் செய்த பாக்டீரியாதான் அந்தப் பலனைக் கொடுத்தது! சோதனையை முடித்தவர்கள் 32 பேர்தான், எடையில் உறுதியான மாற்றமும் இல்லை. இருந்தாலும் தொடர்ந்து கவனிக்க வேண்டிய ஆய்வு இது.

அடுத்த முறை இந்தப் பொருள் பற்றி எழுதும்போது ரகத்தின் பெயர், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எத்தனை கிலோ குறைந்தது, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அக்கா மகளுக்கு அனுப்பக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கும்பகோணம்.