கடல் உப்பு தின்ன கம்பி

ஆசிரியர் அவர்களுக்கு, கரண்ட் கம்பி அறுந்து விழுறத பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், அதுல காத்து, மரக்கொப்புன்னு மட்டும்தான் காரணம் போட்டிருந்தீங்க, கம்பியோட வயச பத்தி ஒரு வரி இல்ல. நம்ம ஊர்ல ஓடுற கம்பி பலதும் நடுவுல ஒரு ஸ்டீல் இழை, சுத்தி 6 அலுமினிய இழை. கரண்ட சுமக்குறது அலுமினியம், ஆனா கம்பி அறுந்துபோகாம இழுவைய தாங்குற பலத்துல ஏறக்குறைய பாதி அந்த ஒத்த ஸ்டீலோடதுதான். உப்புக்காத்து உள்ள இறங்கி ஸ்டீல் மேல இருக்க துத்தநாகப் பூச்ச தின்னுட்டா அப்புறம் அலுமினியமும் சேந்து அரிக்கும், கீழ நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது.

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல எங்க தெருவுல மாத்திப் போட்ட பழைய கம்பித் துண்ட நானே பிரிச்சுப் பாத்தேன், வெளிய நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள வெள்ளப் பொடி, ஸ்டீல் துருப்பிடிச்சு கையால வளச்சதும் ஒடிஞ்சிடுச்சு, அதுக்கு கீழதான் பிள்ளைங்க தினம் ஸ்கூலுக்குப் போனாங்க. 2017 ஒக்கி புயல்ல கம்பமெல்லாம் சாஞ்சப்போ புதுசா இழுத்த இடம் உண்டு, அப்ப தப்பிச்ச பழைய கம்பிதான் இப்ப பயம். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோர லைன்ல ஒவ்வொரு பகுதியிலயும் ஒரு துண்டு வெட்டி லேப்ல இழுத்துப் பாத்து, பலம் கொறஞ்சத மழைக்கு முன்னாடியே மின்வாரியம் மாத்தணும்.

– ஒரு வாசகர், முட்டம்