பேஸ்மெண்ட் சுவரும் ஆற்றுத் தண்ணீரும்

மயிலாடுதுறை,
ஜூன் 3

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மகளை டிப்ளமோ சிவிலில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது நான் பார்க்கும் வேலையைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

ஒரு வணிக வளாகம் கட்டுகிறோம். கீழே வண்டி நிறுத்த பேஸ்மெண்ட். நம் பக்கத்து மண்ணில் பள்ளம் எடுத்தால் ஊற்று சும்மா விடுமா? சுற்றிலும் குழாய் இறக்கி இரவும் பகலும் மோட்டார் ஓடுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிலத்தடி மட்டமும் ஏறும். உனக்குக் குறுவைக்கு அந்தத் தண்ணீர் வேண்டும், எனக்கோ அதற்குள் சுவர் எழும்ப வேண்டும்.

அதற்காகச் சுவரில் அவசரம் காட்ட முடியாது. உயரம் 3 மீட்டர். பச்சைக் கான்கிரீட் தண்ணீரைப் போலவே பக்கவாட்டில் தள்ளும், ஆனால் கனம் இரண்டரை மடங்கு. ஒரே மூச்சில் நிரப்பினால் சுவரின் அடியில் இருக்கும் சென்ட்ரிங் பலகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 டன் தாங்க வேண்டும். இருபுறப் பலகையையும் இழுத்துப் பிடிக்கும் கம்பியான டை ராடு ஒன்று தளர்ந்தாலும் சென்ட்ரிங் வயிறு தள்ளிவிடும். அதனால் அரை அரை மீட்டராகச் சுற்றி வந்து போடுகிறோம். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி, முன்பு போட்ட கீழ்ப் படைக்குள்ளும் கொஞ்சம் இறங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு படைக்கும் நடுவே கோடு விழும், பின்னால் அங்கேதான் கசியும். ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் இளக்கம் போதவில்லை என்று தண்ணீர் ஊற்றப் பார்ப்பார்கள். அதை நான் அனுமதிப்பதே இல்லை.

சுவர் முடிந்தால் மோட்டாரை நிறுத்திவிடலாமே, டீசல் மிச்சம்தானே என்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை. அடியில் தண்ணீர் 2 மீட்டர் ஏறினால் தளத்தைச் சதுர மீட்டருக்கு 2 டன் விசையோடு மேலே தூக்கும். 40 செ.மீ. தடிமன் தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 1 டன்தான். காலி பேஸ்மெண்ட் அப்படியே மிதந்து எழும்பிவிடும். மேல்மாடிகளின் பாரம் போதுமான அளவு ஏறும்வரை மோட்டார் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில், வெயில் ஏறுமுன், வடபுறச் சுவருக்குக் கான்கிரீட். மகளை அழைத்து வா. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி, அதாவது கவர், இருக்கிறதா என்று அவளே டேப் வைத்துப் பார்க்கட்டும். இந்த வேலை அவளுக்குப் பிடித்தால் தயங்காமல் சேர்த்துவிடு. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுவரச் சொல். ஹெல்மெட் நான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்