தைக்கக் கொடுத்த ஜாக்கெட்

அன்புள்ள செல்விக்கு,

போனில் பேசினால் பத்து நிமிஷத்தில் உன் மாமியார் கூப்பிட்டுவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மார்கழிப் பனி போனதும் அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. என்னைத் திட்டுவதற்குத் தெம்பும் வந்துவிட்டது. கொல்லைப்புறத்து முருங்கை போன புயல்காற்றில் முறிந்ததே, அது மறுபடி துளிர்த்திருக்கிறது.

உன் மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த ‘ஸ்பீக்’ நாவலைப் படித்துவிட்டுச் சொல்லச் சொன்னாய். "பதினாலு வயசுப் பிள்ளை படிக்கிற புத்தகமா இது?" என்று நீ கேட்ட குரலில் பதிலும் இருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டேன். முதல் தடவை, எந்தப் பக்கத்தில் என்ன அசிங்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டே படித்தேன். அப்படித் தேடுகிறவளுக்கு அதில் ஒன்றும் அகப்படாது. கதைநாயகிக்கு நேர்கிற கொடுமைக்கு மொத்தமே சில பக்கங்கள்தான். மீதிப் புத்தகம் முழுக்க, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போய்வருகிற ஒரு வருஷம்.

எழுதியவர் லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண். 1999-ல் வந்த நாவல். கதை நடக்கிற ஊர் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் சிரக்யூஸ். மெலிண்டா என்று ஒரு பெண், ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். அதற்கு முந்தின கோடை விடுமுறையில் ஒரு விருந்தில் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் அவளைச் சீரழித்துவிடுகிறான். போலீசுக்குப் போன் போடுகிறாள். பேச நா எழவில்லை. போலீஸ் வந்து விருந்தைக் கலைக்கிறது. அவ்வளவுதான், விருந்தைக் கெடுத்தவள் என்று பள்ளிக்கூடமே அவளை ஒதுக்கிவைக்கிறது. ஏன் போன் போட்டாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை, உயிர்த்தோழி ரேச்சல் உட்பட. இவளும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு, துப்புரவுப் பணியாளர் பயன்படுத்தாமல் விட்ட ஒரு சின்ன அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள்.

இதை நட்பைப் பற்றிய நாவல் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது. ஹெதர் என்று ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தி இவளோடு ஒட்டிக்கொள்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்காரக் கூடாதே, அதற்காக வருகிற சிநேகிதம். மேல்மட்டக் கூட்டம் ஒன்றில் இடம் கிடைக்கிற மாதிரி தெரிந்ததும் மெலிண்டாவைக் கழற்றிவிடுகிறாள். வேறு பள்ளிக்கூடத்தில் என்ன, நம் பள்ளிக்கூடத்தில் நடக்காததா? அதைவிடக் கொடுமை நூலகத்தில் நடப்பது. அந்தப் பையன் இப்போது ரேச்சலோடு சுற்றுகிறான். அவளை எச்சரிக்க வேண்டும், வாய் வரவில்லை. தாளில் எழுதிக் காட்டுகிறாள். தோழிக்கு இப்படி நடந்திருக்கிறதே என்று ரேச்சல் முதலில் பதறுகிறாள். யார் என்று கேட்டு, பெயரைப் படித்ததும் முகம் மாறி, பொறாமையில் பொய் சொல்கிறாய் என்று கத்திவிட்டுப் போகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தேன்.

அவள் தேறுவது துண்டுதுண்டாக நடக்கிறது. கழிப்பறைச் சுவரில், ‘விலகி இருக்க வேண்டிய பையன்கள்’ என்று எழுதி அவன் பெயரைப் போட்டுவைக்கிறாள். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அதன் கீழே வேறு வேறு கையெழுத்தில் வேறு பெண்களும் எழுதியிருக்கிறார்கள். முகம் தெரியாதவர்கள்தான், ஆனால் அந்த வருஷத்தில் அவளை முதலில் நம்பியவர்கள் அவர்கள். பிறகு ஓவிய வாத்தியார். வருஷம் பூராவும் ஒரே பொருளைத்தான் வரைய வேண்டும் என்று சீட்டு எடுக்கச் சொல்கிறார். இவளுக்கு ‘மரம்’ என்று வருகிறது. மரம்தானே, சின்ன வயசிலேயே வரைந்ததுதானே என்கிறாள். வருஷம் முடிகிறவரை ஒரு மரம் கூட உயிரோடு வரவில்லை. மனுஷர் துருவித் துருவிக் கேட்பதில்லை, வரையச் சொல்கிறார், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் அவள் அப்பா வீட்டு வாசல் ஓக் மரத்தில் நோய் விழுந்த கிளைகளை ஆள்வைத்து வெட்டுகிறார். மரத்தைக் கொல்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிற பையன் சொல்ல, காப்பாற்றத்தான் வெட்டுகிறோம் என்கிறார். நீ படிக்கும்போது அந்தப் பக்கத்தைச் சும்மா தாண்டிவிடாதே.

கடைசியில் அந்த விருந்துப் பையன் மறுபடி வந்து மிரட்ட, அவள் கத்த, பெண்கள் விளையாட்டு அணியே வந்து கதவைத் தட்டுவது மட்டும் கொஞ்சம் சினிமா. ஆனால் இருபது வருஷம் கழித்து, 2019-ல், தன் பதின்மூன்றாவது வயதில் தனக்கும் அப்படி நடந்ததைக் கவிதை நடையில் ஒரு புத்தகமாகவே எழுதினார் ஆண்டர்சன். அது தெரிந்த பிறகு, அந்தக் கதவு திறந்ததைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு யாராவது வந்து கதவைத் தட்டினார்களோ என்னவோ.

அங்கேயும் இதைப் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று பெற்றோர்கள் பலமுறை கிளம்பியிருக்கிறார்கள். நீ முதல் ஆள் இல்லை.

கொடு செல்வி, படிக்கட்டும். படித்து முடித்ததும் "என்ன புரிஞ்சுது?" என்று பரீட்சை வைக்காதே. நீயும் படித்துவிட்டாய் என்று தெரிந்தால் போதும். தனக்காகத்தான் எடுத்துவந்திருப்பாள் என்று நினைத்து உள்ளுக்குள் நடுங்கவும் வேண்டாம், பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்காகவும் இருக்கலாம். 1098 என்ற சைல்டுலைன் எண், ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள் உதவிக்குக் கூப்பிடுகிற எண், அவளுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவை.

பக்கத்து பெஞ்சு என்றதும் உனக்கும் ஞாபகம் வந்திருக்கும். பிளஸ் ஒன்னில் காலாண்டு லீவு முடிந்து வந்தவள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, நம் பெஞ்சின் ஓரத்தில். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தது நான். ‘நாம முன்னாடி பெஞ்சுக்குப் போயிருவோம்டி’ என்றது நீ. பொங்கல் லீவுக்குப் பிறகு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெறும் பணக்கஷ்டமாகக்கூட இருந்திருக்கலாம். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கிற போக்சோ சட்டமெல்லாம் அப்போது ஏது, அது 2012-ல்தான் வந்தது. ஆனால் ‘என்னடி ஆச்சு’ என்று கேட்பதற்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை.

அவளைப் பார்த்தேன். கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறாள். தெரியாமல்தான் உள்ளே போனேன். நெற்றித் தழும்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். அளவு எடுக்கும்போது, "உங்கள எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே" என்றாள். "இல்லையே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜாக்கெட் தயாராகி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் வாங்கப் போகவில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவாய்தானே, ஒருநாள் கூடுதலாகத் தங்குகிற மாதிரி வா. எனக்குத் தனியாகப் போக முடியாது.

உன்,
மீனா