துணைக்கு யார்?

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நீயே வீணை சொல்லிக்கொடுக்கிறாய் என்று படித்ததும் அந்தக் குழந்தையை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன். அதட்டாமல் சொல்லிக்கொடு.

இந்த ஆண்டு திருவையாற்றில் நடக்கும் தியாகையர் ஆராதனை இசைவிழாவுக்குத் தனியாகப் போய்வந்தேன். "துணைக்கு யார்?" என்று வீட்டில் தொடங்கிய கேள்வி, தஞ்சாவூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கை வரை வந்தது.

அங்கே எவ்வளவு பெரிய வித்வானுக்கும் சில நிமிடங்கள்தான். ஒருவர் எழ, அடுத்தவர் உட்காருவார். கூட்டமாகப் போனால், பெயர் தெரியாதவர்கள் மேடையேறும்போது நாம் சாப்பிட எழுந்துவிடுவோம். இந்த முறை, பந்தல் பாதி காலியான மத்தியான வேளையில் ஒரு சின்னப் பெண் முகாரி ராகம் பாடினாள். சுருதி இரண்டு இடங்களில் விலகியது. நீ இருந்திருந்தால் என் தொடையைக் கிள்ளியிருப்பாய், நானும் உதட்டைப் பிதுக்கியிருப்பேன். கோபிக்காதே. பாட்டு முடிந்ததும் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் முகாரி மட்டும் மிஞ்சியது. சாயங்காலம் வரை அது மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தனியாகப் போவதில் ஒரே சங்கடம், இடம் பிடித்துவைக்க ஆள் இல்லை. துண்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பினால் துண்டின்மேல் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது!

பஞ்சமியன்று, ஐந்து ராகங்களில் தியாகையர் செய்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடினோம். நாட்டை, கௌளை, ஆரபி வரை சமாளித்தேன். வராளியில் பாட்டு வரி விட்டுப்போயிற்று. அந்த ராகத்தைக் குரு நேரே சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பார்களே, பழியை அதன்மேல் போட்டுவிட்டேன். பக்கத்திலிருந்த ஆந்திரப் பாட்டி தம் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். அத்தனையும் தெலுங்கு எழுத்து! அவர் விரல் வரிமேல் ஓட, நான் எல்லாம் புரிந்தவள்போல் அவர் குரலைப் பிடித்துக்கொண்டே பாடி முடித்தேன். ஸ்ரீராகம் வருவதற்குள் நாங்கள் சிநேகிதிகள்.

பிறகு பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதிக்குப் போனேன். தன் சொத்தைப் போட்டுத் தியாகையர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த காலத்தில், பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்திக் காட்டியவர். 1952-இல் காலமானார். அவரிடமும் எத்தனை பேர் "துணைக்கு யார்?" என்று கேட்டார்களோ.

அடுத்த தை மாதம் நீயும் வா. சேர்ந்தே தங்கலாம், சேர்ந்தே சாப்பிடலாம். மத்தியானக் கச்சேரிக்கு மட்டும் நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. சம்மதமா?

அன்புடன்,
ராஜம்