முதலில் பழைய கடன்

எடிசன், நியூ ஜெர்சி
2008 ஜூன் 29, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போன் செய்தபோது நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "திங்கட்கிழமை ராத்திரிக்குள்ள ஒபாமாவுக்கு ஐந்நூறு டாலர் போட்டுடும்மா, மாசக் கணக்கு முடியுது" என்றாய். "பார்க்கலாம்" என்றேன். அதற்கு நீ கேட்டாயே, "அப்போ நீயும் அவங்களோட சேர்ந்துட்டியா?" என்று. அந்தக் கேள்வி என்கூடவே வார்டுக்கு வந்தது. விடியும்வரை போகவில்லை. அதனால்தான் தூங்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஒபாமா பிரச்சாரத்தில் வேலை பார்க்கிற உன் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நவம்பர் 4 அன்று என் ஓட்டு ஒபாமாவுக்குத்தான். நம் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஒபாமாவிடம் தோற்ற ஹில்லரி இல்லையென்றால் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்குப் போடுவேன் என்று சொல்கிறவர்கள் எங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு நான் சேரவில்லை. ஆனால் அவர்களை நீ பேசுகிற மாதிரி என்னால் பேச முடியாது. அந்த வலி எனக்கும் உண்டு. பணமும் தருவேன், ராசா. ஆனால் நாளைக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? தேர்தல் கமிஷன் பட்டியலில் என் பேரைப் பார்த்துவிட்டாய். 200 டாலருக்கு மேல் போனால் பேர், ஊர், வேலை, வேலை கொடுப்பவர் எல்லாம் ஊரறியப் போட்டுவிடுகிறார்கள். "ரிஜிஸ்டர்ட் நர்ஸ், எடிசன், ஹில்லரி கிளின்டன்" என்று வாசித்துக் காட்டினாய். திருட்டைக் கண்டுபிடித்த குரல் அது. "எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?" என்றாய். அன்றைக்கு நான் சொல்லாத பதிலை இன்றைக்குச் சொல்கிறேன்.

மூன்று தடவையாக மொத்தம் 600 டாலர் கொடுத்தேன். முதல் 250 போன நவம்பரில். அது இன்ஷூரன்ஸுக்காக. இந்த நாட்டில் நாலரைக் கோடிப் பேருக்கு மேல் இன்ஷூரன்ஸ் இல்லை. உனக்கு அது ஒரு எண். எனக்கு அது, எமர்ஜென்சியில் கட்டிலில் படுத்துக்கொண்டு "இந்த ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும், சிஸ்டர்?" என்று கேட்ட மனிதரின் முகம். மார்வலியைவிட பில்தான் அவரைப் பயமுறுத்தியது. ஹில்லரியின் திட்டத்தில் எல்லாரும் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்; ஒபாமாவின் திட்டத்தில் குழந்தைகளுக்கு மட்டும்தான் கட்டாயம். நோய் வந்த பிறகுதான் எடுப்பேன் என்று பாதிப் பேர் நின்றால் மீதிப் பேருக்குக் கட்டுப்படியாகாது. இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு இது தெரியும். நீ அயோவாவில் இதைப் பற்றி யாரிடமாவது பேசினாயா? எனக்குத் தெரிந்து "மாற்றம்" என்றுதான் பேசினாய். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

இரண்டாவது, ஜனவரி 7 ராத்திரி. மறுநாள் நியூ ஹாம்ப்ஷயரில் பிரைமரி, கட்சி வேட்பாளர் யார் என்பதற்கான ஓட்டுப்பதிவு. அந்த மாநிலத்துச் சேலம் ஊரில் ஹில்லரி பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் எழுந்து "என் சட்டைக்கு இஸ்திரி போடு" என்று கத்தினான். டிவியில் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். தம்பி, நான் நர்ஸ். மீசை முளைக்காத பையன்களிலிருந்து பெரிய டாக்டர்கள்வரை எத்தனை பேர் அந்தத் தொனியில் என்னிடம் பேசியிருக்கிறார்கள் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. அந்த ராத்திரியே கார்டை எடுத்து 100 டாலர் போட்டேன். அது எந்தத் திட்டத்துக்கும் இல்லை.

மூன்றாவது, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட சூப்பர் செவ்வாய் முடிந்த மறுநாள். அவர் தன் சொந்தப் பணம் 50 லட்சம் டாலரைப் பிரச்சாரத்துக்குக் கடனாகப் போட்டார் என்று செய்தி வந்தது. கை காலியாகி நிற்கிறார் என்று தெரிந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இன்னொரு 250. இரண்டு எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் பார்த்த பணம் அது. பிப்ரவரியில் நீ பட்டியலில் பார்த்தபோது இது அதில் ஏறியிருக்காது.

உன் பக்கம் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. பென்சில்வேனியாவில் கதவைத் தட்டினால் ஒபாமா பேரைக் கேட்டதும் என்னென்ன வார்த்தை சொன்னார்கள் என்று ஏப்ரலில் அழுகிற குரலில் சொன்னாயே, எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த வார்த்தைகளைச் சொன்னவர்களில் சிலர் என் வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். அன்றைக்கே உன்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அது என் தப்பு.

இப்போது உனக்கு ஒரு பழைய கதை. உன் தாத்தாவை, என் அப்பாவைப் பற்றி. விருதுநகரில் நம் வத்தல் மண்டியில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் பெருந்தலைவர் படம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 1969இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது எனக்குப் பதினொரு வயது. காமராஜர் ஸ்தாபனக் காங்கிரஸ் பக்கம் நின்றார். தாத்தாவும் அங்கேதான். சின்னத் தாத்தா இந்திரா பக்கம் போனார். அதுவரை இரட்டைக் காளைக்கு ஒன்றாகச் சுவர் எழுதிய அண்ணன் தம்பி. 1971 தேர்தலில் எங்கள் வீட்டுச் சுவரில் ராட்டை, தெருக்கோடியில் அவர் வீட்டுச் சுவரில் பசுவும் கன்றும். "பதவிக்குப் போனவன்" என்று இவர் சொன்னார். "காலம் புரியாதவர்" என்று அவர் சொன்னார். பேச்சு நின்றது. என் அத்தை கல்யாணத்துக்குச் சின்னத் தாத்தா வரவில்லை. வந்திருந்தாலும் தாத்தா வாங்க என்று சொல்லியிருப்பாரா, தெரியாது.

அந்தத் தேர்தலில் தாத்தா பக்கம் மோசமாகத் தோற்றது. பெரிய தலைகள் எல்லாம் மதராஸுக்குப் போய்விட்டார்கள். சுவரொட்டி அடித்த அச்சகக்காரர், மைக் செட்காரர், வாடகை லாரிக்காரர், தொண்டர்களுக்குச் சாப்பாடு போட்ட மெஸ் அம்மா எல்லாரும் மண்டி வாசலில் வந்து நின்றார்கள். தாத்தா யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் இல்லை. ஆனால் அவர் வாய்வார்த்தையை நம்பித்தான் அவர்கள் வேலை செய்தார்கள். எட்டு மாசம், வத்தல் விற்ற பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருக்கும் கொடுத்து முடித்தார். அம்மாச்சி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மெஸ் அம்மாவுக்குக் கடைசித் தவணை கொடுத்த அன்றைக்குத்தான் தாத்தா அந்தத் தேர்தலைப் பற்றி வீட்டில் பேச ஆரம்பித்தார். அதுவரை ஒரு வார்த்தை கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். ஹில்லரியின் பிரச்சாரம் 2 கோடி டாலருக்கு மேல் கடனில் நிற்கிறது. ஏறக்குறைய பாதி அவர் போட்ட சொந்தப் பணம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெரிய ஆலோசகர்களுக்குப் போக வேண்டிய லட்சங்களைப் பற்றியும் கவலை இல்லை. ஆனால் மேடை போட்டவர்கள், ஒலிபெருக்கி வைத்தவர்கள், சாப்பாடு கொடுத்தவர்கள் என்று சின்னச் சின்ன ஆட்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் "முன்னால் போங்கள், விடாதீர்கள்" என்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் மேயிலும் சொன்னோம். அந்தத் தைரியத்தில்தான் அவர் போனார். அந்த பில்லில் என் பங்கும் இருக்கிறது. அதனால் என் அடுத்த 250 டாலர் அந்தக் கடனுக்குப் போகிறது. நீ கேட்ட ஐந்நூறு ஆகஸ்டில் வரும், கட்சி மாநாடான கன்வென்ஷனுக்கு முன்னால்.

இதைக் கேட்டால் நீ, "தோத்துப்போன ஆளுக்கு எதுக்கும்மா இன்னும் பணம்?" என்பாய். ஒபாமாவே கொடுக்கிறார், தம்பி. போன வியாழக்கிழமை வாஷிங்டனில் ஹில்லரிக்குப் பணம் கொடுத்த பெரிய ஆட்களைப் பார்த்தபோது, சட்டம் அனுமதிக்கிற உச்சத் தொகை 2,300 டாலரைத் தானே கொடுப்பதாகச் சொன்னார். அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் அந்த மனிதர் மேல் எனக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. அதற்கு முன் அவர் பேச்சைக் கேட்டு வந்தது வேறு; அது ரசனை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக மேடையேறியதையும் பார்த்தேன். நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்று ஒரு சின்ன ஊர். ஜனவரியில் அந்த ஊரில் அவருக்கு 107 ஓட்டு, இவருக்கு 107 ஓட்டு. ஊர் பேரே ஒற்றுமை. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் ஜூன் 7ஆம் தேதி ஹில்லரி விலகிக்கொண்டு, பெண்களை மேலே ஏறவிடாத அந்தக் கண்ணாடிக் கூரையில் சுமார் 1.8 கோடி விரிசல் விழுந்திருக்கிறது என்று பேசியபோது நான் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. மூன்றே வாரத்தில் என்னைச் சிரிக்கச் சொல்லாதே.

இன்னொன்று. மே 31ஆம் தேதி, விதியை மீறி முன்கூட்டியே பிரைமரி வைத்த ஃபுளோரிடா, மிஷிகன் டெலிகேட்களுக்கு, அதாவது மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு, ஆளுக்கு அரை ஓட்டு என்று கட்சி தீர்ப்புச் சொன்னதே, அதைப் பற்றி நாம் போட்ட சண்டையை மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை. விதி முன்கூட்டியே எழுதி வைத்தது, நீ சொன்னது சரி. ஆனால் அதே அளவு நேர்மையை உன் பக்கமும் காட்டு. பத்து நாளைக்கு முன்னால் ஒபாமா பொதுத் தேர்தலுக்கு அரசுப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 8.4 கோடி டாலரும் அதோடு வருகிற செலவு வரம்பும் வேண்டாம் என்கிறார். போன வருஷம் அவர் பேசியது வேறு. "சின்ன சின்ன ஆட்கள் கொடுக்கிற பணம்தான் உண்மையான பொதுப் பணம்" என்று நீ எனக்கு விளக்கினாய். இருக்கலாம். ஆனால் இதையே ஹில்லரி செய்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று உன்னையே கேட்டுப் பார். அவருக்கு வேலை செய், வேண்டாமென்று சொல்லவில்லை. இது தப்பு என்று தோன்றினால் உன் ஆபீஸில் உன் வாயால் சொல். கட்சிக்காரன் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

அப்புறம், "உனக்கு மனசு இல்லன்னா எனக்கு அனுப்பு, என் பேர்ல போட்டுடறேன்" என்றாயே. அது கூடாது. ஒருவர் பணத்தை இன்னொருவர் பேரில் கொடுப்பது சட்டப்படி குற்றம். பிரச்சாரத்தில் வேலை பார்க்கிறவன் நீ, இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கொடுப்பது என் பேரில்தான் வரும். அடுத்த தடவை நீ பட்டியலைத் தேடும்போது "ரிஜிஸ்டர்ட் நர்ஸ், எடிசன்" என்று இரண்டு இடத்தில் இருக்கும். அப்போது கூப்பிடு. பதினொரு மணியானாலும் பரவாயில்லை.

தாத்தா கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. 1975 அக்டோபர் 2, காமராஜர் இறந்த அன்றைக்கு ஊரே கடையடைத்துவிட்டது. ரேடியோவைத் திண்ணையில் வைத்துக்கொண்டு தாத்தா உட்கார்ந்திருந்தார். இருட்டுகிற நேரத்தில் சின்னத் தாத்தா தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. அம்மாச்சி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்த பிறகு தாத்தா கேட்ட முதல் வார்த்தை, "புள்ளைக்கு இப்ப எத்தனை வயசு?" தம்பி மகனை அவர் பார்த்ததே இல்லை. பையனுக்கு ஐந்து வயதாகிவிட்டிருந்தது.

நீ வீட்டுக்கு வந்து ஐந்து மாசம் ஆகிறது. பிட்ஸ்பர்கிலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டினால் வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை நாலாம் தேதி, உங்கள் ஆபீஸும் மூடித்தானே இருக்கும்? வியாழன் ராத்திரி கிளம்பு, எனக்கும் அன்றைக்கு லீவு. பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன், வத்தக்குழம்பும் வைக்கிறேன். உன் காரில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை எனக்காகக் கிழித்துவிட்டு வராதே. என் காரில் ஹில்லரி ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒரே டிரைவ்வேயில் நிற்கட்டும்.

அன்புடன்,
அம்மா