நிசெகோவுக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

பிப்ரவரி விடுமுறையோடு சேர்ந்த வாரக்கடைசியில் நம் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளை ஸ்கீ (பனிச்சறுக்கு) விளையாட, ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் இருக்கும் நிசெகோவுக்கு அழைத்துப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து என் போன் ஓயவில்லை. பாதிப் பேருக்கு ஒரே கேள்வி. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் யுசாவா என்ற பனிச்சறுக்கு ஊர் இருக்கிறதே, அங்கே இல்லாத பனியா, எதற்கு விமானம் ஏறி ஹொக்கைடோவின் ஷின் சிதோசே விமான நிலையத்தில் இறங்கி, அப்புறம் இரண்டரை மூன்று மணி நேரம் பஸ்ஸில் வேறு உட்கார வேண்டும்?

நியாயமான கேள்விதான். யுசாவாவிலும் ஆளை மூடுகிற அளவுக்குப் பனி கொட்டும். ஆனால் பதம் வேறு. புட்டுக்கு மாவு பிசைகிறவர்களுக்குத் தெரியும், பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். டோக்கியோவில் எப்போதாவது விழுகிற பனி, தண்ணீர் கூடிப்போன மாவு. நிசெகோ பனியோ எவ்வளவு அழுத்தினாலும் பிடிபடாமல் கோலப்பொடி மாதிரி விரலிடுக்கில் கொட்டிவிடும் (பனிப்பந்து எறியக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்). சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, குறுக்கே நிற்கும் மலைகளில் கொட்டுகிறது. ஹொக்கைடோ குளிரில் அது தரைக்கு வரும்வரை இளகுவதே இல்லை. ஒரு பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் விழுகிறது. 1936இல் முதன்முதலாகப் பனிப்படிகத்தைச் செயற்கையாக உருவாக்கிய நகாயா உகிச்சிரோ ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்காரர். போர்க்காலத்தில் விமான இறக்கையில் பனி உறைவதை ஆராய அவர் ஏறியதும் இதே நிசெகோ அன்னுபுரி உச்சிக்குத்தான்.

போன வருடம் ஜனவரியில் நான் இடம் பார்க்கப் போய் வந்தேன். மூன்று நாளில் எதிரே இருக்கும் யோதெய் மலை அரை மணி நேரம்தான் முகம் காட்டியது, மற்ற நேரமெல்லாம் பனி விழுந்துகொண்டே இருந்தது. சமன்படுத்திய பாதையின் ஓரத்தில் விழுந்தேன், வலிக்கவே இல்லை, ஆனால் கழன்ற ஒரு ஸ்கீ பொடிக்குள் போய்விட்டது. இருபது நிமிடம் கையால் துழாவி எடுத்தேன். கையில் இருந்ததோ கம்பளிக் கையுறை, நனைந்து விறைத்துவிட்டது. ஆகவே, தண்ணீர் புகாத கையுறை மட்டும் வாங்குங்கள். ஸ்கீ, ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், வளரும் பிள்ளைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஜீன்ஸ் கூடவே கூடாது.

புதிதாகக் கற்பவர்கள் அடிவாரத்தில் சமன்படுத்திய சரிவிலேயே இருப்பார்கள், அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏற்கெனவே ஸ்கீ தெரிந்த ஏழெட்டுப் பேரை நினைத்துத்தான் பயம். பாதையின் எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் மிதிக்காத பனி கிடக்கும், ஆசை வரத்தான் செய்யும். நிசெகோவில் இதற்கென்றே விதிகள் உண்டு: பாதைக்கு வெளியே போக வாசல்கள் இருக்கின்றன, பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்து ரோந்துக்காரர்கள் திறப்பார்கள், மூடுவார்கள், கயிற்றுக்கடியில் குனிந்து போனால் லிஃப்ட் பாஸைப் பறித்துவிடுவார்கள். பறிப்பது போகட்டும், மரத்தடிப் பள்ளம் என்று ஒன்று இருக்கிறது. கிளைகள் மறைப்பதால் மரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக நிற்கும், மேலே பார்த்தால் தெரியாது, தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. நம் பிள்ளைகள் வாசல் திறந்திருந்தாலும் வெளியே போகக் கூடாது. கயிற்றைத் தாண்டுகிற பிள்ளை மீதி நாள் முழுக்க என்னோடு விடுதி வரவேற்பறையில் உட்காரும், கெஞ்சி எனக்குப் போன் செய்யாதீர்கள்.

சாப்பாடு. சைவப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்கிறோம், ஏனென்றால் காய்கறி சூப் என்று கொடுத்தாலும் அதில் தாஷி என்ற மீன் சாறு இருக்கக்கூடும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினால் நன்றி. ஓன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியல் கட்டாயமில்லை. ஆடையில்லாமல் இறங்கத் தயங்குகிறவர்கள் அறையிலேயே குளிக்கலாம்.

அனுமதிப் படிவத்தில் கயிறு பற்றிய வரிக்குக் கீழே பிள்ளையின் கையெழுத்தும் வேண்டும், உங்களுடையது மட்டும் போதாது. வரும் ஞாயிறு வகுப்பில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்