மாணவியரின் இலக்குத் தாள் குறித்து: மதுரை வட்டாரச் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மதுரையில் 22 ஆண்டுகளாக வார்டுப் பணியில் இருக்கும் செவிலியர் நான். உங்கள் கல்லூரிகளிலிருந்து போஸ்டிங்குக்கு (வார்டுப் பயிற்சிக்கு) வரும் மாணவ மாணவியரை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். அண்மையில் முதலாண்டு மாணவி ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டைப் புரட்ட நேர்ந்தது. ‘என் இலக்குகள்’ என்ற தலைப்பின் கீழ், ‘ஐந்து ஆண்டுகளில் சிறந்த செவிலியராகத் திகழ்வேன், சமுதாயத்துக்குச் சேவை செய்வேன், பெற்றோருக்குப் பெருமை சேர்ப்பேன்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அடியில் சிவப்பு மையில் ஆசிரியரின் கையொப்பம் இருந்தது. நான் படித்த காலத்தில் ஏறக்குறைய இதே மூன்று வரிகளைத்தான் நானும் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தை நானும் புரட்டவில்லை, கையெழுத்திட்டவரும் புரட்டவில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றியே இம்மடல்.

எனக்கு உருப்படியான இலக்கு ஒன்று கிடைத்தது கல்லூரியில் அல்ல, வார்டில். காலையில் வந்ததும் பன்னிரண்டு கட்டில்களுக்கும் வெப்பநிலை, நாடி, பிபி மூன்றையும் ஓடி ஓடிப் பார்ப்போம்; மூச்சை எண்ண மட்டும் நேரம் இருக்காது. எல்லோருக்கும் 20 என்று எழுதிவிடுவது சீனியர்களிடமிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த வழக்கம், அதற்கும் கையெழுத்து தடையின்றிக் கிடைத்தது. அப்படி நான் 20 என்று எழுதியிருந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே, இரவுப் பணி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த ஸ்டாஃப் சிஸ்டர் ஒருவர் நின்றார். போர்வையை விலக்கி, கைக்கடிகாரத்தில் கண் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார். 34 இருந்தது. கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபட்டுக்கொண்டிருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். மருத்துவரை அழைத்து ஆக்சிஜன் வைத்த பிறகு அந்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. “இந்தப் போஸ்டிங் முடியிற வரைக்கும் தினம் அஞ்சு பேருக்கு, ஆளுக்கு முழுசா ஒரு நிமிஷம் மூச்சு எண்ணி எழுதி எங்கிட்டக் காட்டு” என்றார். எதை, எத்தனை, எதுவரை, யாரிடம் என்ற நான்கும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன.

இலக்கு வகுப்பதற்கான ‘ஸ்மார்ட்’ (SMART) முறையை நீங்கள் வகுப்பில் நடத்துகிறீர்கள், தேர்விலும் கேட்கிறீர்கள். 1981-இல் ஜார்ஜ் டோரன் அதை நிறுவன நிர்வாகிகளுக்காக எழுதியபோது, ‘ஏ’ என்ற எழுத்துக்கு அவர் வைத்த பொருள், இன்னார் பொறுப்பு என்று ஒருவரிடம் ஒப்படைக்கக்கூடியது என்பதாகும். ‘அடையக்கூடியது’ என்ற இன்றைய பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நம் இலக்குத் தாள்களில் விடுபட்டுப்போனதும் அந்தப் பொறுப்பாளரின் பெயர்தான் என்பது என் எண்ணம். மாணவி எழுதுகிறாள், எழுதியபடி நடந்ததா என்று கட்டிலருகே வந்து பார்க்க வேண்டியவர் யார் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

‘மருந்து கொடுப்பதில் தேர்ச்சி பெறுவேன்’ என்று ஒரு மாணவி எழுதினால், தயவுசெய்து அதில் கையெழுத்திடாதீர்கள். 500 மில்லி பைன்ட் (டிரிப் பாட்டில்) ஒன்று நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் இருக்கிறது என்றால், நிமிடத்துக்கு 42 சொட்டு என்று அவள் தாளில் கணக்குப் போட்டுவிடுவாள். டிரிப் ஸ்டாண்டின் கீழே நின்று, கடிகாரத்தையும் சொட்டறையையும் மாறி மாறிப் பார்த்து, ரெகுலேட்டரைத் திருகி அதை 42-இல் நிறுத்துவதும், நோயாளி கையை மடக்கியபின் அது 25 ஆகிவிட்டதைக் கண்டுபிடிப்பதும் வேறு வேலை. ‘இந்த வாரம் மூன்று டிரிப்புகளை அரைமணிக்கு ஒருமுறை எண்ணிச் சரிசெய்து சி.ஐ.யிடம் (வார்டில் பயிற்சி தரும் ஆசிரியரிடம்) காட்டுவேன்’ என்பது அவளுக்கு இலக்காகும். இன்சுலினும் அப்படியே. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் வாய்விட்டுப் படித்த பிறகே இழுப்பேன் என்று ஒரு மாணவி இரண்டு வாரம் கடைப்பிடித்தால், அந்தப் பழக்கம் அவள் ஓய்வுபெறும்வரை கூட வரும்.

செய்த வேலைகளைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் எண்ணிக்கை நிரம்புவதையே இலக்காகக் கொள்ளும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போஸ்டிங்கின் கடைசி இரண்டு நாள்களில் நோட்டும் கையுமாக எங்களைத் துரத்தும் கையெழுத்து வேட்டையை நீங்களும் அறிவீர்கள்.

தனிப்பட்ட இலக்குகளை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுதச் சொல்லாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இருட்டோடு பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி ஏழரைக்கு வார்டுக்குள் நுழையும் மாணவி, பக்கத்துப் பெஞ்சு எட்டிப் பார்க்கும் தாளில் ‘நேர மேலாண்மை’ என்றுதான் எழுதுவாள். அம்மாவோடு சேர்ந்து இரவு பதினொரு மணிவரை பூக்கட்டுகிறேன், ஆறு மணி நேரம் தூங்க வழி வேண்டும் என்று எழுத மாட்டாள். தனியாக அழைத்துக் கேட்டால் சொல்லக்கூடும். அதற்கு ஏற்றாற்போல் இரவு ஒன்பது மணிக்கே பூக்கட்டுவதை நிறுத்திவிடுவது என்று அவளும் அம்மாவும் பேசி முடிவெடுக்கவும் கூடும். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவரில் ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும் மாணவிக்கு, நாளுக்கு ஒரு நோயாளியைப் பற்றி நான்கு வாக்கியம் என்பதே போதுமான தொடக்கம்.

நெடுங்கால இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேண்டிய தகவல், இறுதியாண்டில் வாசலில் வந்து நிற்கும் ஏஜென்டிடமிருந்து முதன்முதலாக வரக் கூடாது என்கிறேன். செவிலியர் பணிக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை எழுத, பி.எஸ்சி. படித்தவருக்கு முன் அனுபவம் தேவையில்லை; மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயப் படிப்பு படித்தவருக்கோ, குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் தேவை. இது தெரியாமல் வீட்டுக்குப் பக்கம் என்று இருபது படுக்கை நர்சிங் ஹோமில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த அனுபவம் கணக்கில் வராது என்று அறிந்து உட்கார்ந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிரிட்டனுக்குப் போக ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 எடுக்க வேண்டும். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை (மேல் இடைநிலை) ஜெர்மன் கேட்கிறார்கள். இவற்றை முதலாண்டிலேயே சொல்லிவிட்டால், எந்த ஆண்டில் எதைத் தொடங்குவது என்று மாணவியே பின்னோக்கிக் கணக்கிட்டுக்கொள்வாள். இரண்டாமாண்டில் அவள் மனம் மாறி, வெளிநாடு வேண்டாம், எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசுப் பணிக்கே போகிறேன் என்றால், பழைய தாளைக் காட்டிக் குத்திக்காட்டாமல் புதுத் தாள் கொடுங்கள்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். அடுத்த போஸ்டிங்கிலிருந்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அரைத்தாள் கொடுங்கள். அந்த வார்டுக்குப் பொருந்தும் ஒன்றிரண்டு இலக்குகளும், பார்த்துச் சொல்லப்போகும் ஆசிரியரின் பெயரும், தேதியும் அதில் இருந்தால் போதும். குறித்த தேதியில் அந்த ஆசிரியர் வார்டுக்கு வந்து, கட்டிலருகே நின்று, செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். செய்ய முடியவில்லை என்றால் மதிப்பெண்ணைக் குறைக்காமல் தேதியை மட்டும் தள்ளிப்போடுங்கள்; மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சினால் எங்களைப் போலவே அவர்களும் 20 என்று எழுதத் தொடங்குவார்கள். ஆசிரியருக்கு வர இயலாத நாளில் பார்த்து எழுதிக் கொடுக்க வார்டு சிஸ்டர்களில் என்னைப் போன்றோர் அணியமாக இருக்கிறோம். காலை ஹேண்டிங் ஓவர் முடிந்து எட்டரை மணிக்கு மேல் பத்து நிமிடம் எங்களால் ஒதுக்க முடியும்.

இப்படிக்கு,
மதுரையில் பணிபுரியும் ஒரு வார்டு செவிலியர்